அலகில் சந்து விழாத நாரைகள்

முதலில் உள்ளே வந்தது நாற்றம். எங்கள் துறையில் இப்போது பணியில் இருக்கும் இளம் வனவர் ஒருவர், போன வாரம் உத்திரமேரூரில் என் வீட்டைத் தேடி வந்தார். முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்வதற்குள், அவர் பின்னாலேயே அதுவும் நுழைந்துவிட்டது. பங்குனியில் பின்வாங்கும் ஏரியின் சேறு, அதில் செத்த நத்தை, வெயிலில் காய்ந்த கெண்டைச் செதில், நூற்றுக்கணக்கான பறவைகளின் வெள்ளை எச்சம், இத்தனைக்கும் நடுவில் எங்கிருந்தோ ஓர் அல்லித்தண்டின் குளிர்ச்சி. என் மனைவி ஊதுவத்தி கொளுத்தப் போனாள். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வாசலுக்குப் போய் அந்த பூட்ஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

"இப்போ ட்ரோன் விட்டு எண்ணுறோம் சார். காலையில டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுது" என்றார் வனவர். "ஆனா பழைய நோட்டுல நீங்க படகுல போய் எண்ணினது இருக்கு. அதுல ஒரு பக்கத்துல ஒரு எண்ணை அடிச்சி, வேற கட்டத்துல மாத்தி எழுதி, ரேஞ்சர் மேடம் நேரம் போட்டுக் கையெழுத்து போட்டிருக்காங்க. மொத்த நோட்டுல அடிச்சது அந்த ஒண்ணுதான். அது இன்னா சார்?"

அடிக்கப்பட்டது நான் எழுதிய எண். வனவருக்கு ஒரு தம்ளர் மோரோடு பாதிக் கதையைத்தான் சொல்ல முடிந்தது. மீதியும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தினக்கூலிக் காவலராகச் சேர்ந்தேன். நாற்றங்காலில் வேம்பு, புங்கம், நாவல் என்று கன்றுகளுக்கு நீரூற்றி நான்கு வருடம். குன்றுக்காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டி மூன்று வருடம். பாலாற்றங்கரையில் திருமுக்கூடல்வரை சைக்கிள் மிதித்து மணல்மேட்டில் ஆமை தேடியது, தேர்வு எழுதியது, தோற்றது, மறுபடி எழுதியது, வனக்காப்பாளராக ஆனது எல்லாம் சேர்த்து இன்னும் சில வருடம். அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்டது வெயிலில் பேசாமல் நடப்பது ஒன்றுதான். தோள்பட்டை தேய்ந்து ஐம்பத்திரண்டில் விருப்ப ஓய்வு வாங்கும்வரை, மற்ற எல்லாவற்றையும் அந்த ஏரிதான் கொடுத்தது. ஏரியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் வரும், காருக்குள் பாட்டு வரும். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி, நடத்துநர் "எங்க எறங்குற?" என்று இரண்டாம் முறை கேட்கும் இடத்தில் இறங்கினால் கரை தெரியும். அது போதும்.

ரேஞ்சர் மேடம் எங்களிடம் வந்தபோது அவருக்கும் என் வயதுதான் இருக்கும். உயரம் குறைவு. கைக்குட்டையை எட்டாக மடித்து இடது கைக்குள் வைத்திருப்பார். அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் இன்னும் தாழ்த்துவார். நாங்கள் அவர் திட்டுவதைக் கேட்பதற்காகவே அருகில் போக வேண்டியிருக்கும். "தப்பு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. "இன்னொரு சுத்து போயிட்டு வந்துடலாமா?" என்பார். நாங்கள் இன்னொரு சுற்று போவோம்.

வந்த முதல் வாரமே எங்கள் பதிவேட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துத் தானே கோடு போட்டு ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் கண்டது. இரண்டாவதில் கேட்டது. மூன்றாவதில் கருதியது.

"கண்ணால பார்த்ததை முதல்ல எழுதுங்க. காதால கேட்டதை ரெண்டாவதுல. நீங்களா நினைச்சிக்கிட்டதை மூணாவதுல. மூணும் வேணும். ஆனா ஒண்ணு வீட்டுக்கு இன்னொண்ணு குடிபோகக் கூடாது."

கேட்கும்போது சுலபம். "புதரில் கீரிப்பிள்ளை ஓடியது" என்று எழுதினேன். மேடம் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "கீரிப்பிள்ளையைப் பார்த்தீங்களா தணிகாசலம், புதர் ஆடினதைப் பார்த்தீங்களா?" புதர் ஆடியதைத்தான் பார்த்திருந்தேன்.

படகையும் அவர்தான் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் லாரி ட்யூப்பின் மேல் பலகை கட்டிப் போவோம். பாதி வழியில் சுழலும், பறவைகள் எங்களைப் பார்த்துக் கலைவதற்குமுன் நாங்களே கலைந்துவிடுவோம். கடலோரப் படகு விடுதி ஒன்றில் கழித்துப் போட்டிருந்த இரண்டு இருக்கைக் கயாக் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிராக்டரில் ஏற்றி அனுப்பினார். பளீரென்ற மஞ்சள். கரையில் இறக்கியபோது ஊரே கூடிவிட்டது. இத்தனை பெரிய மொந்தன்பழம் எந்தத் தோப்பில் காய்த்தது என்று ஒருவர் விசாரித்தார். மஞ்சளைப் பார்த்தால் பறவை மிரளும் என்று மேடம் அதற்குச் சேற்று நிறத்தில் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அடித்தது ஏகாம்பரம்.

ஏகாம்பரம் என் கூட்டாளி. ஏரிக்கு மேற்கே, ஊர் ஓரத்துக் குடியிருப்பில் வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் அண்ணா என்பான். அந்த மரியாதை அதோடு சரி. கயாக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவான், நான் முன்னால். அடுத்த சுற்றில் இடம் மாறுவோம். பங்குனி விடியலில், கிழக்கே பனைகளுக்குப் பின்னால் வானம் தோலுரித்த நுங்குபோல ஒளி கசியும்போது படகைத் தள்ளுவோம். சூரியன் முதுகில் இருக்கும்படி வலமாகச் சுற்ற வேண்டும். துடுப்பைச் செருகும்போது சத்தம் கூடாது. எடுக்கும்போது சொட்டுவதை யாராலும் தடுக்க முடியாது, அதைப் பறவைகள் மன்னித்துவிடும். மரத்தருகே நிற்கக் கூடாது, நின்றால் வேட்டைக்காரன். நேராகக் கண்ணைப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் வேட்டைக்காரன். எங்கோ போகிற வழியில் இந்தப் பக்கம் வந்தவன்போல ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டே நகர வேண்டும். வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நிற்கும். அப்போது போய் அதைக் கலைத்தால் குஞ்சு வெந்துவிடும்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. இடது பையில் கொட்டை. பத்துக் கூடு ஆனதும் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். இருவரும் தனித்தனியாக எண்ணுவோம், படகில் பேச்சில்லை. கரையில் மேடம் முன் இரண்டு பேரும் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு கொட்டைக்குமேல் வித்தியாசம் வந்தால், இன்னொரு சுற்று.

நாலைந்து நாள் தொடர்ந்து ஏகாம்பரத்தின் கணக்கு குறைந்துகொண்டே வந்தது. என்னுடையது கூடுகிறதோ என்று எனக்கே சந்தேகம். தினம் இரண்டு சுற்று, மூன்று சுற்று, தோள் கழன்றது. ஐந்தாம் நாள் பை திறக்கும் நேரத்தில் மேடம் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல அசைந்தது. அந்த அமைதியில் நறுக்கென்று ஒரு சத்தம்.

"ஏகாம்பரம், இன்னைக்கு எத்தனை கூடு சாப்பிட்டீங்க?"

ஏகாம்பரம் விழுங்கினான். "எட்டு கொட்டைம்மா. எம்பது கூடு."

பச்சைக் கொட்டை தீர்ந்துபோய், வீட்டில் வறுத்து வைத்திருந்ததை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். துடுப்புப் போடுகிற மயக்கத்தில் கை வலது பைக்கும் வாய்க்குமாகப் போய்வந்திருக்கிறது. மேடம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். கைக்குட்டையை அப்போதும் விரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பச்சைக் கொட்டை மட்டும், அதையும் அவரே கொடுப்பார்.

காலை எண்ணிக்கை முடிந்தால் மீதி நாள் நடைதான். கரைமேல் ஒரு நடை, மதகுப் பக்கம் இறங்கி வாய்க்கால் ஓரமாக ஒரு நடை. புங்கம்பூ கொட்டிப் பாதை அரிசி உலர்த்தியதுபோல் கிடக்கும். வேப்பம்பூவின் கசப்பு மணத்துக்குள் ஒரு மாம்பழச்சிட்டு இரண்டே இரண்டு எழுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கூவும். நீளவால் இலைக்கோழி தாமரையிலையில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு என் எடையே பாவம் என்று தோன்றும். பாம்புத்தாரா பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்து ஈரம் காயவைக்கும். ஒரு சாரைப்பாம்பு வாய்க்காலைக் கடக்க நாங்கள் இருவரும் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றதுண்டு. "நம்மள பாத்து அதுதான் சிரிச்சிக்கினு போவுதுணா" என்பான் ஏகாம்பரம். சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதை நான் நெடுநாள் நம்பவில்லை.

அப்படியே போய்க்கொண்டிருந்த வருடங்களுக்கு நடுவில்தான், ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிய ஒரு வருடம் வந்தது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஆனாலும் பறவைகள் வந்தன. நத்தைகுத்தி நாரைகள் கருவேல மரங்களில் எப்போதும்போல் அடுக்கடுக்காகக் கூடு கட்டின. கூழைக்கடாக்கள் பிந்தி வந்து உள்ளே மூன்று மரங்களைப் பிடித்துக்கொண்டன. மாசி முடியும்போது மரத்தடியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர்தான் மதில். அது வற்றினால் காட்டுப்பூனை நடந்து வந்து மரமேறும். நாய் வந்து கீழே நிற்கும். பயந்த தாய்ப்பறவைகள் குஞ்சுகளை அப்படியே விட்டுப் போய்விடுவதும் உண்டு. அதனால் குஞ்சுகள் பறக்கும்வரை மதகைத் திறப்பதில்லை என்று ஊரும் எங்கள் துறையும் பேசி வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று இருந்தது. குஞ்சு பறந்துவிட்டது என்று ரேஞ்சர் எழுதிக் கொடுத்தால் மதகு திறக்கும். நாங்கள் எண்ணிக் கொடுத்தால் ரேஞ்சர் எழுதுவார்.

அந்தப் பங்குனியின் இரண்டாம் வாரம் ஒரு சுற்று முடித்து, முதல் கட்டத்தில் நான் எழுதினேன்: நத்தைகுத்தி, பறக்காத குஞ்சு, முந்நூற்றுப் பத்து. இன்னும் இருபது நாளாவது மதகு திறக்க முடியாது என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை கரையில் எங்களுக்கு முன்பே ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் தேசம்மா. ஆயக்கட்டின் கடைசி மடையில் ஒன்றரை ஏக்கர் அவளுடையது. அவளே உழுது அவளே நட்டது. தினம் விடியலில் கரைமேல் நடந்து போவாள், எங்களோடு பேசியதில்லை. கிணற்றில் தண்ணீர் போய்விட்டது. நெல் பால் பிடிக்கிற நேரம். இடுப்பில் செருகியிருந்த ஒரு கதிரை எடுத்து மேடம் உள்ளங்கையில் வைத்தாள்.

"நசுக்கிப் பாரும்மா."

மேடம் ஒரு மணியை நகத்தால் அழுத்தினார். வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. அடுத்த மணியில் வரவில்லை.

"வராதது எல்லாம் பதரு. இன்னைக்கி பாதிக்கி பாதி கீது. ஒரு தண்ணி வுட்டா போதும், மீதி பொயச்சிக்கும். நாலு நாளு தாண்டிட்டா அப்பால நீ ஏரிய தலையில ஊத்தினாலும் ஆவாது. வூட்டுக்கு வருசச் சோறு இது, அடுத்த வெள்ளாமைக்கு வெதயும் இதான். பசங்க ரெண்டு பேரு படிச்சிக்கினு கீறாங்க."

"குஞ்சுங்க இன்னும் பறக்கலையேம்மா" என்றார் மேடம்.

"யார் சொன்னது?"

"இவர் நேத்து எண்ணிட்டு வந்திருக்கார்."

தேசம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அந்தப் பார்வை பூட்ஸில் வந்து நின்றது. "இன்னா பாரஸ்டு. எத்தினி மணிக்கி எண்ணின?"

"விடியக்காலையில."

"விடியக்காலையில எங்கூட்டு பசங்களும் வூட்லதான் படுத்துக்கினு இருக்கும். அதுக்காவ நடக்கத் தெரியாதுன்னு எயுதிடுவியா?"

ஏகாம்பரம் படகுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"அதுங்க கூட்டுலதான் நிக்குதுங்க. நான் பாத்தேன்" என்றேன். குரல் கொஞ்சம் கனத்துத்தான் வந்தது. இருபது வருட வேலைக்காரன்.

"நிக்கும். ஆத்தாக்காரி தீனி குடுக்கறவரிக்கும் வந்து நிக்கும். பத்து மணிக்கி மேல எங்க கயனியில வந்து பாரு, அதே தடிப்பசங்க நத்த பொறுக்கிக்கினு கீதுங்க."

மேடம் நோட்டை என் பக்கம் நீட்டினார். குரல் இறங்கிவிட்டது. நான் அருகில் போனேன்.

"தணிகாசலம், குஞ்சு நிக்கிறதைப் பார்த்தீங்களா, பறக்க முடியாம நிக்கிறதைப் பார்த்தீங்களா?"

நான் பார்த்தது கூட்டின் விளிம்பில் நின்ற உருவங்கள். பறக்கத் தெரியாது என்பது நானாக ஒட்டவைத்தது. விடியலில் மட்டுமே போக வேண்டும் என்று எங்களுக்கு விதி. விடியலில் எல்லாக் குஞ்சும் கூட்டில் நிற்கும். ஆக, எத்தனை வருடம், எத்தனை பங்குனியில், பறந்து திரும்பியதையும் பறக்காததையும் நாங்கள் ஒரே கொட்டையில் போட்டிருக்கிறோம்? யாருடைய வயலெல்லாம் அதற்காகக் காத்திருந்தது?

"நிக்கிறதைத்தான்மா பார்த்தேன்" என்றேன்.

மேடம் கரையிலேயே உட்கார்ந்து, அந்த முந்நூற்றுப் பத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். அதை மூன்றாவது கட்டத்தில் எழுதச் சொல்லி என் கையில் பேனாவைக் கொடுத்தார். பக்கத்தில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டார். "இதுக்குக் கீழ ஏற்கெனவே என் கையெழுத்தும் இருக்கு" என்றார். "நானும்தான் கேட்டிருக்கணும்." பிறகு எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "நடந்து போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றார்.

கடைமடைக்கு வாய்க்கால் ஓரமாகவே ஒன்றரை மணி நேரம் நடை. தேசம்மா முன்னால், நாங்கள் மூவரும் பின்னால். தண்ணீர் இல்லாத வாய்க்காலில் வெடிப்பு பாய் முடைந்ததுபோல் கிடந்தது. நடுவில் ஒரு பனையடியில் மேடம் தண்ணீர் குடிக்க நின்றார். தேசம்மா, "நீங்க ஆபீசருங்க, கொஞ்சம் குந்திட்டு வாங்க. வெயிலு எங்களுக்குத்தான் சொந்தம்" என்றாள். மேடம் பாட்டிலை மூடிவிட்டு நடந்தார்.

அவளுடைய வயலில் ஒரு மூலையில் மட்டும் சேறு மிச்சமிருந்தது. அங்கே நாற்பது ஐம்பது நாரைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வேலையில் இருந்தன. நாங்கள் வரப்பில் உட்கார்ந்தோம். நான் பைனாகுலரை எடுத்தேன். நாரை நாரையாகத்தான் தெரிந்தது.

"எதும்மா இந்த வருசத்துக் குஞ்சு? எல்லாம் ஒரே ஒசரமா கீது" என்றான் ஏகாம்பரம்.

"வாயப் பாருய்யா. பெருசுக்கு ரெண்டு அலகும் ஒட்டாது, நடுவுல சந்து தெரியும். குஞ்சுக்கு வாய் நல்லா மூடிக்கும். தோ அந்தக் கோடியில அயுக்குக் கலர்ல ஒண்ணு கீது பாரு."

பைனாகுலரில் அலகை மட்டும் பிடித்தேன். நத்தைகுத்தியின் அலகில் அந்தச் சந்து இருப்பது எனக்குத் தெரியும்; எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வயதாக ஆகத்தான் அது விழும் என்பதும் எங்கோ படித்ததுதான். அதை வைத்து வயதைப் பிரிக்கலாம் என்று படகில் இருபது அடி தள்ளிப் போகிற எனக்குத் தோன்றியதில்லை. தினம் களை எடுக்கக் குனிகிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. முதல் நாரை: சந்து, பின்னால் பச்சை வயல் தெரிந்தது. இரண்டாவது: சந்து. மூன்றாவது: அலகு கத்தரிக்கோல் மூடியதுபோல் நேராக இருந்தது. அது ஒரு நத்தையைத் தூக்கி, போட்டு, மறுபடி தூக்கி, தெரியாத்தனமாக விழுங்கப் பார்த்துத் துப்பியது. இந்த வருடத்துப் பிள்ளை. பறந்து வந்து பசியாறப் பழகிக்கொண்டிருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கம் போய் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. முகத்தில் அறைந்தாற்போல் தெரிகிற ஒன்றை முதன்முதலாகப் பார்க்கிற சந்தோஷம், அதுவும் என் தப்பைக் காட்டிக்கொண்டே வருகிற சந்தோஷம்.

"இன்னா பாரஸ்டு, ஜோக்கு எதுனா சொல்லுதா அது?" என்றாள் தேசம்மா.

அன்று மாலைவரை கீழ்மடை வயல்கள் நான்கில் நடந்தோம். எல்லாவற்றிலும் வாய் மூடிய நாரைகள். ஆனால் அதோடு மதகைத் திறந்துவிட முடியாது. ஒரு பறவை பறக்கிறது என்பதால் எல்லாம் பறக்கின்றன என்று எழுதினால் அதுவும் மூன்றாவது கட்டம்தான். மேடம் ஒரு வழி சொன்னார். மறுநாள் நடுப்பகலில், கலைக்காத தூரத்தில், மரங்களை ஒருமுறை மட்டும் சுற்ற வேண்டும். நிறுத்தாமல். கூட்டில் அப்போதும் எஞ்சி நிற்பதுதான் உண்மையான குஞ்சு.

போனோம். துடுப்பின் பிடி கையைச் சுட்டது. ஏகாம்பரம் மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டான். கருவேல மரங்களில் கூடுகள் காலி, காலி, காலி. இருந்த சில குஞ்சுகளும் எங்களைப் பார்த்துச் சிறகடித்து அடுத்த கிளைக்குத் தாவின. உள்ளே அந்த மூன்று மரங்களில் மட்டும் கூழைக்கடாக் குஞ்சுகள் வெள்ளைப் பஞ்சாகத் தொண்டை துடிக்கக் கிடந்தன; தாய்கள் சிறகு விரித்து நிழல் பிடித்தன. அவை பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் என் கருத்து; பஞ்சுக் குஞ்சுகளை நான் பார்த்தேன். அவற்றை நேராக முதல் கட்டத்தில் எழுதினேன்.

நல்லவேளை, அந்த மூன்று மரமும் பழைய மண் எடுத்த பள்ளத்தில் நின்றன. சுற்றிலும் வற்றினாலும் அங்கே இடுப்பளவு நிற்கும். ஏகாம்பரம் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தான். நான் ஓர் அடிமரத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, கத்தியால் ஒரு கோடு கீறினேன். கோடு வெளியே தெரிந்ததும் மதகை மூட வேண்டும். அதற்குமுன் எவ்வளவு பாய்கிறதோ அவ்வளவு. மேடம் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி கையில் கொடுத்தார். "முதல் தண்ணி கடைமடைக்கு" என்று ஒரு வரி அதிகமாக எழுதியிருந்தார். மேல்மடைக்காரர்கள் அதற்காக நீர்க்கட்டியை ஒரு நாள் பேஜார் பண்ணினார்கள், மேடத்திடம் மட்டும் யாரும் வரவில்லை.

மதகு திறந்த மூன்றாம் நாள், வெயில் சாயும் நேரம், மேடம் என்னைத் தனியாகக் கடைமடைக்கு அனுப்பினார். தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து எழுத வேண்டும். தேசம்மா வாய்க்காலின் வாயில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். முதலில் ஒரு சத்தம், காய்ந்த இலைக்கடியில் யாரோ கிசுகிசுப்பதுபோல். பிறகு சருகும் புங்கம்பூவும் நுரையும் சுமந்துகொண்டு தண்ணீர் தலையைக் காட்டியது. வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, குமிழி விட்டு, நிரம்பி, அடுத்ததுக்குப் போனது. அவள் மடையைத் திறந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வையாகவும் இருக்கலாம். அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

தண்ணீரோடு ஏரியின் பொடிமீன் வந்தது. நத்தை வந்தது. அவற்றைத் தேடி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வடக்கேயிருந்து நாரைகள் வந்தன. பத்து, இருபது, அப்புறம் எண்ண முடியவில்லை. சந்து விழுந்ததும் விழாததுமாக நெல்லுக்குள் தொப் தொப்பென்று இறங்கின. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் மடிந்து சாய்ந்தது.

"இன்னா பாரஸ்டு" என்றாள் தேசம்மா. "நான் தண்ணிதான கேட்டேன். உன் ஆபீசையே கூட அனுப்பிட்ட."

"ஓட்டட்டுமா?" என்று நான் பூட்ஸோடு வரப்பிலிருந்து இறங்கப் போனேன்.

"ஏறு ஏறு. அதுங்க மிதிச்சத விட நீ மிதிச்சா ஜாஸ்தி ஆவும். நத்த தின்னுட்டு போவட்டும் வுடு."

குனிந்து ஓரத்துக் கதிர் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். விரலில் வந்த வெள்ளைச் சொட்டை என் பக்கம் காட்டினாள். நான் தலையாட்டினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வரப்பில் திரும்பி நடந்தேன். நாலு வயல் தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாரஸ்டே, சாஞ்ச எடத்துல மெஷினு எடுக்காது, கையறுப்புதான். சித்திர பொறந்ததும் சொல்லியனுப்பறேன், அருவா எடுத்துக்கினு வந்து சேரு. கரையில நின்னு எண்ணிக்கினு இருந்தன்னா சோறு கெடையாது."